இணைப்பில் இருந்த இடர்: செப்புக் குழாய்த் தொழிலில் பற்றாசின் வரலாறு

எகிப்தின் அபுசீரில், ஐந்தாம் அரச மரபைச் சேர்ந்த சாகுரே மன்னனின் பிரமிடையொட்டிய கோயிலை 1907-08ஆம் ஆண்டுகளில் அகழ்ந்த ஜெர்மானியத் தொல்லியலாளர் லுட்விக் போர்சார்ட், செப்புத் தகட்டை அடித்து உருளையாக வளைத்துச் செய்த வடிகால் குழாய்களைக் கண்டெடுத்தார். ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் மண்ணில் கிடந்தும் அழியாத அக்குழாய்கள் செம்பின் உறுதிக்குச் சான்றாயினும், அவை மழைநீரையும் சடங்குநீரையும் அழுத்தமின்றி வெளியேற்ற அமைந்தவை. ஆதலால் அவற்றின் மூட்டுகளில் சிறிது நீர் கசிந்தாலும் கேடில்லை. அழுத்தத்துடன் பாயும் குடிநீரை வீட்டுக்குள் கொண்டுவரும் பணி செம்பிடம் பரவலாக ஒப்படைக்கப்பட்டது இருபதாம் நூற்றாண்டில்தான். இரு குழாய்களைக் கசிவின்றி இணைப்பது எப்படி என்ற வினாவும், அவ்விணைப்பால் யாருக்குத் தீங்கு என்ற வினாவும் அப்போதே சேர்ந்து எழுந்தன.

அதற்கு முன் நீண்டகாலம் அவ்விடத்தைப் பெற்றிருந்தது காரீயம். ரோமானியர் அதைக் கறுப்பு ஈயம் என்ற பொருளிலும், இன்று வெள்ளீயம் எனப்படும் உலோகத்தை வெண்மையான ஈயம் என்ற பொருளிலும் வழங்கினர். நிறத்தைக் கொண்டு இரண்டையும் ஒரே பெயரின் இரு வகைகளாகப் பிரித்த அந்த வழக்கு தமிழின் சொல்லாக்கத்தை அப்படியே ஒத்தது. பிளம்பர் என்னும் தொழிற்பெயரும் ஈயத்தைக் குறிக்கும் பிளம்பம் என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்ததே. கி.மு. முதல் நூற்றாண்டுக் கட்டடக்கலை அறிஞர் விட்ரூவியஸ், ஈயக் குழாயினும் சுட்ட மண்குழாயே உடலுக்கு நன்று என்று எழுதியபோது, ஈயம் உருக்கும் தொழிலாளரின் வெளிறிய மேனியை அதற்குச் சான்றாகக் காட்டினார்.

முதல் உலகப் போருக்குப் பின் மெல்லிய சுவர் கொண்ட செப்புக் குழாய்கள் பரவின. அவை காரீயத்தைவிட எடை குறைந்தவை, இரும்பைப் போலத் துருப்பிடிக்காதவை. குழாயின் முனையைச் சற்றே பெரிய துணைக்கருவிக்குள் செருகிச் சூடேற்றி, உருகிய பற்றாசை, அதாவது சால்டர் எனப்படும் ஒட்டு உலோகத்தை, விளிம்பில் வைத்தால், அது மயிரிழை போன்ற இடைவெளிக்குள் நுண்புழை ஏற்றத்தால் தானே இழுக்கப்பட்டு நிரம்பும். வெள்ளீயமும் காரீயமும் சமபாதியாகக் கலந்த பற்றாசு 183 பாகை செல்சியஸிலேயே இளகத் தொடங்கியதால், வேலை செய்பவருக்கு அது எளிதாக இருந்தது. குழாயிலிருந்து விலக்கப்பட்ட காரீயம் இவ்வாறு மூட்டின் வழியே மீண்டும் குடிநீருக்கு அருகில் வந்தது. செம்பும் பற்றாசும் நீரில் ஒருசேர நனையும்போது ஒரு சிறு மின்கலம் போல் செயல்பட, காரீயம் கரைகிறது. அமிலத்தன்மையுள்ள மென்னீரும், இரவு முழுதும் குழாயில் தேங்கும் நீரும் அதைப் பெருக்குகின்றன. காலப்போக்கில் உட்புறத்தில் உப்புப் படிந்து ஓரளவு காப்பளிப்பதால், பழைய வீட்டினும் புதிய வீட்டின் நீரிலேயே காரீயம் மிகுந்து காணப்பட்டது.

அமெரிக்க ஐக்கிய நாடு 1986இல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தைத் திருத்தி, குடிநீர்க் குழாய்களுக்கான பற்றாசில் காரீயம் 0.2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கலாகாது என்று விதித்தது. 1991இல் வந்த விதி, குழாய்நீரில் நூறு கோடியில் 15 பங்குக்கு மேல் காரீயம் இருப்பின் நீர் வழங்குவோர் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றதுடன், செம்பின் அளவுக்கும் லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் என்ற வரம்பை வகுத்தது.

நீரைக் குடிப்பவருக்குக் கிடைத்த இக்காப்பு, சுடரைக் கையாள்பவரின் சுமையைச் சற்றுக் கூட்டியது. காரீயத்துக்கு மாற்றாக வந்த, வெள்ளீயத்துடன் 5 விழுக்காடு ஆண்டிமனி கலந்த பற்றாசு உருக 230 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் தேவைப்பட்டது. ஸ்வீடனில் கார்ல் ரிச்சர்ட் நைபெர்க் 1882இல் தயாரிக்கத் தொடங்கிய ஊதுவிளக்கு முதல் பின்வந்த புரோப்பேன் டார்ச் வரை, இத்தொழிலில் சுடர் என்றும் உடனிருந்தது. செம்பு வெப்பத்தை மிக விரைவாகக் கடத்துவதால், சுடர்படும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளிச் சுவருக்குள் மறைந்திருக்கும் மரச்சட்டமும் கருகிக் கனலக்கூடும். இரு பக்கமும் அடைபட்ட குழாயில் எஞ்சிய நீர் ஆவியாகிச் சீறக்கூடும். அதனால்தான் சூடேற்றும் முன் ஒரு குழாய்வாயைத் திறந்துவைப்பது மரபாயிற்று. கசியும் நீரைத் தடுக்க ரொட்டித் துண்டைக் குழாய்க்குள் திணித்து, வேலை முடிந்ததும் நீரோட்டத்தில் கரைந்துபோக விடுவதும் பிளம்பர்களின் பழைய உத்தி.

சுடர் ஓய்ந்த பின்னும் இடர் ஓய்வதில்லை என்பதற்குக் கட்டடத் தொழில் கண்ட பெரும் சான்று, 1989 ஆகஸ்ட் 30 அன்று இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸில் உள்ள அப்பார்க் மாளிகையில் மூண்ட தீயாகும். கூரையின் காரீயத் தகடுகளைச் செப்பனிடச் சுடர் பயன்படுத்தியதால் அது விளைந்தது. அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 51பி என்ற நெறிமுறை, சுடர்வேலை முடிந்த பின் ஒருவர் அங்கேயே நின்று கண்காணிக்க வேண்டிய நேரத்தை அரை மணியிலிருந்து, 2019ஆம் ஆண்டுப் பதிப்பில், ஒரு மணியாக உயர்த்தியது.

குளிர்சாதனக் குழாய்களுக்கும் மருத்துவமனை ஆக்சிஜன் குழாய்களுக்கும் இன்னும் வலுவான இணைப்பு தேவை. அதற்கான பிரேசிங் முறை 450 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருகும் உலோகக் கலவையைப் பயன்படுத்துகிறது. எளிதில் பாய்வதற்காக அக்கலவையில் சேர்க்கப்பட்ட காட்மியம் 767 பாகையில் கொதித்து ஆவியாகும். அப்புகையை உள்ளிழுத்தவருக்கு நுரையீரல் அழற்சி சில மணி நேரம் கழித்தே வெளிப்படுவதால், அவர் எச்சரிக்கை ஏதும் உணராமல் தொடர்ந்து உழைத்துவிடுவார். ஐரோப்பிய ஒன்றியம் 2011 டிசம்பர் முதல் காட்மியம் கலந்த பிரேசிங் கம்பிகளைப் பெரும்பாலான பயன்பாடுகளில் தடை செய்தது. குழாயின் உட்புறம் கருகாதிருக்கச் செலுத்தப்படும் நைட்ரஜனும், காற்றோட்டமில்லாத இடத்தில் தேங்கினால் மூச்சை அடைக்கும்.

1990களில் ஜெர்மனியில் செப்புக் குழாய்க்கு வந்த அழுத்து இணைப்பு, ரப்பர் வளையம் பொருந்திய துணைக்கருவியை இடுக்கியால் நெரித்து இறுக்குவதால், சுடரையும் புகையையும் காரீயத்தையும் ஒருங்கே விலக்கியது. ஆயினும் ஒரு மூட்டை நெரிக்க மறந்தால், வளையத்தின் பிடிப்பாலேயே அது சோதனையில் கசியாமல் தப்பி, சுவர் பூசிய பின் விட்டுப்போகும் வாய்ப்பு எஞ்சியது. அதனால் நெரிக்காத மூட்டு சோதனையின்போதே கசிந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும்படி உற்பத்தியாளர்கள் அதை மறுபடி வடிவமைத்தனர். கசிவைத் தடுக்கவே வளர்ந்த ஒரு தொழில், பிழையைக் காட்டும் கருவியாகக் கசிவையே கையாளும் நிலையை இவ்வாறு அடைந்தது.