ஸ்பீக்கரை நிப்பாட்டுவது யார்? ஒரு சின்னத் துளையின் வரலாறு

ஹெட்போனைக் குத்தினால் ஸ்பீக்கர் அடங்கவேணும். கழட்டினால் ஸ்பீக்கர் திரும்பப் பேசவேணும். நாம எதிர்பார்க்கிறது இவ்வளவுதான். ஆனால் உன்னிச்சைப் பக்கத்துப் பிள்ளைகள் கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு மட்டக்களப்பு டவுனுக்குப் பஸ் ஏறுகிற காரணங்களில் இதுவும் ஒண்டு. "அப்டேட் ஒண்டு வந்திச்சு, மறுகா ஹெட்போன்ல சத்தமில்ல." இல்லாட்டி ஹெட்போனும் ஸ்பீக்கரும் சேர்ந்து கத்தும். கடையில் சில வேளை கிடைக்கிற பதில்: "சவுண்ட் போயிற்று, போர்ட் மாத்தணும்."

ஒரே அறை, ஒரே கொம்பியூட்டர் இருக்கிற வீட்டில் இது சின்ன விசயமில்லை. விடிய வயலுக்குப் போகிறவர் படுத்திருக்க, ஏ.எல். படிக்கிற பிள்ளை இரவில் பாடம் கேட்பது ஹெட்போனில்தான். அந்தப் பதிலை நம்பிக் காசை எண்ணிக் கொடுக்க முதல் ஒரு கேள்வி கேட்கவேணும் என்கிறோம் நாங்கள். ஸ்பீக்கரை நிப்பாட்டுகிற முடிவை உண்மையில் யார் எடுக்கிறார்? அந்த முடிவு காலத்துக்குக் காலம் கைமாறி வந்திருக்கிறது.

முதலில் அது ஒரு தகட்டின் வேலையாக இருந்தது. 1878 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்தில் முதலாவது வணிகத் தொலைபேசி நிலையம் திறக்கப்பட்டது. ஒருவரின் இணைப்பை இன்னொருவருக்குக் கொடுக்க அங்கே ஆட்கள் இருந்தார்கள். அந்த வேலைக்காக வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சார்ள்ஸ் ஸ்கிரிப்னர் செய்த ஆளி, மடக்குக் கத்தியைப் போல இருந்தது. ஆங்கிலத்தில் அந்தக் கத்திக்கு 'ஜாக் நைஃப்' என்று பெயர். இன்றைக்கு நாம 'ஜாக்' என்கிற சொல் அங்கிருந்து வந்தது. அந்தக் காலத்து கால் அங்குல, அதாவது 6.35 மில்லிமீற்றர் முள், இன்றும் கிற்றாரிலும் கோயில் திருவிழா ஒலிபெருக்கிப் பெட்டியிலும் உயிரோடு கிடக்கு.

உள்ளே நடப்பது எளிது. துளைக்குள் ஒரு வளையும் தகடு இன்னொரு தகட்டைத் தொட்டுக்கொண்டு இருக்கும். முள் உள்ளே போனால் தகடு விலகும். ஒரு வழி அறும், வேறு வழி திறக்கும்.

இலங்கையில் வானொலியும் தந்தித் திணைக்களத்து ஆட்களின் கையால்தான் பிறந்தது. எட்வர்ட் ஹார்ப்பர் என்ற பொறியியலாளரின் முயற்சியால் 1925 டிசம்பர் 16 அன்று கொழும்பு வானொலி ஒலிக்கத் தொடங்கியது. அந்த நாள்களில் பரவலாக இருந்த கிறிஸ்டல் பெட்டிக்குப் பற்றரி தேவையில்லை. வானலையின் சொற்பச் சக்தியிலேயே அது ஓடும். அதனால் காதில் மாட்டித்தான் கேட்கலாம், ஸ்பீக்கரா ஹெட்போனா என்ற கேள்வியே அங்கே இல்லை. வால்வு றேடியோ வந்த பிறகுதான் வீடே கூடிக் கேட்டது. பின்னர் ட்ரான்சிஸ்டர் றேடியோவோடு 3.5 மில்லிமீற்றர் சின்னத் துளை வந்தது. முள்ளைக் குத்தினால் தகடு விலகி ஸ்பீக்கரை அறுத்துவிடும். 1979இல் வந்த சோனியின் முதல் வோக்மனில் ஸ்பீக்கரே இல்லை. ஆனால் இரண்டு பேர் கேட்க இரண்டு துளைகள் இருந்தன.

1990களில் பொருளாதாரத் தடையால் பற்றரி கிடைக்காத யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் சனம் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டார்கள். அது முடிந்ததற்கு ஒரு காரணம், வயர் எங்கே போகுது என்று கண்ணால் பார்க்கக் கூடியதாக இருந்தது. பிழையும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் இருந்தது.

கொம்பியூட்டரிலும் முதலில் இதே கதைதான். 1997இல் இன்டெல் கொண்டுவந்த 'ஏசி 97' முறையில், சத்தம் பெட்டியின் முன்பக்கத் துளைக்குப் போய், அங்கே தகட்டைத் தாண்டித்தான் பின்பக்க ஸ்பீக்கருக்குத் திரும்பி வந்தது. 2004இல் இன்டெலே 'ஹை டெபினிஷன் ஓடியோ' என்ற புது முறையைக் கொண்டுவந்தது. அதில் தகடு சத்தத்தை அறுப்பதில்லை, செய்தி மட்டும் சொல்கிறது. ஒவ்வொரு துளைக்கும் ஒரு தடை: 39.2, 20, 10, 5.1 கிலோ ஓம். சிப், தடையின் அளவைப் பார்த்து எந்தத் துளையில் முள் கிடக்கு என்று அறியும். ஸ்பீக்கரை அடக்குவதா இல்லையா என்ற முடிவை டிரைவர் என்கிற மென்பொருள் எடுக்கும்.

நம்ம ஊர்ப்படி சொன்னால், முந்தி பலகையைப் போட்டால் வாய்க்கால் அடைபடும். இப்போ வட்டவிதானையார் ஒருவர் வரைபடத்தைப் பார்த்து, எந்தக் கண்டத்துக்குத் தண்ணி விடுவது என்று தீர்மானிக்கிறார். உன்னிச்சைக் குளத்தில் தண்ணி நிறையக் கிடந்தாலும் அவரின் வரைபடம் பிழையென்றால் வயல் காயும்.

2007இல் வந்த விண்டோஸ் விஸ்டா சத்தம் போகும் முறையை அடியோடு மாற்றியது. 2015இல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டுகளைத் தானாகவே இறக்கத் தொடங்கியது. வட்டவிதானையார் ஒரே இரவில் மாற்றப்படுகிறார். புதியவருக்கு உங்கட வயலைத் தெரியாமல் இருக்கலாம். அப்படிப் பார்த்தால், அப்டேட்டுக்கு மறுநாள் வந்த நோய்க்குப் போர்ட்டைச் சந்தேகிப்பது கடைசி வேலையாக இருக்கவேணும்.

இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு தேடினால் ஒழுங்கு தானாகவே வரும். முதலில் கீழ் மூலையில் இருக்கிற ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, சத்தம் எந்தக் கருவிக்குப் போகுது என்று பாருங்கள். றியல்டெக் சிப் என்றால் அதற்கான ஜன்னலைத் திறவுங்கள். பல பதிப்புகளில் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் வேறு வேறு சத்தம் அனுப்பும் தெரிவும், முன்பக்க முள்ளைக் கவனிக்காமல் விடும் தெரிவும் இருக்கும். அப்டேட் இவற்றை மாற்றியிருக்கக் கூடும்.

சரிவராவிட்டால் டிவைஸ் மனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்துப் பழையவரைத் திரும்பக் கூப்பிடலாம். அந்தப் பொத்தான் மங்கிக் கிடந்தால், பட்டியலிலிருந்து விண்டோஸின் பொதுவான 'ஹை டெபினிஷன் ஓடியோ டிவைஸ்' டிரைவரைத் தெரிவு செய்து பார்க்கலாம்.

அதற்கும் அசையாவிட்டால் ஒரு சோதனை இருக்கு. பென் டிரைவில் போட்ட உபுண்டுவில் கொம்பியூட்டரைத் தொடக்குங்கள். எதையும் நிறுவத் தேவையில்லை. அங்கே ஹெட்போனைக் குத்த ஸ்பீக்கர் அடங்கினால் போர்ட்டில் பிழையில்லை, பிழை டிரைவரில்தான். அல்சாமிக்சரில் 'ஓட்டோ மியூட்' என்ற ஆளி இருக்கு, அது நிறுத்தப்படாமல் இருக்குதா என்றும் பாருங்கள்.

பழைய பெட்டிக்குள் புதுப் போர்ட்டைப் போட்டிருந்தால், பெட்டியைத் திறந்தும் பார்க்கவேணும். முன்பக்க வயரின் முனையில் பெரும்பாலும் 'ஏசி 97', 'எச்டி ஓடியோ' என்று இரண்டு பிளக் தொங்கும். பழையது மாட்டுப்பட்டிருந்தால் முள் வந்த செய்தி சிப்புக்குப் போகாது.

எல்லா இடத்திலும் தோற்றால் துளையில் தூசியோ துருவோ இருக்கலாம், தகடு தளர்ந்திருக்கலாம். துளை மாற்றுவதும் யூஎஸ்பி சவுண்ட் கார்ட் ஒண்டு வாங்குவதும் போர்ட் மாற்றுவதைவிட எவ்வளவோ மலிவு.

2016இல் ஐபோன் 7 அந்தத் துளையையே எடுத்துவிட்டது. புளூடூத்தில் தகடும் இல்லை, முள்ளும் இல்லை. முடிவு முழுக்க மென்பொருளின் கையில். கண்ணால் பார்த்துப் பிழை பிடிக்கிற காலம் இனித் திரும்பாது. அதனால்தான் கேள்வி கேட்கப் பழகவேணும். அடுத்த முறை "போர்ட் போயிற்று" என்று யாராவது சொன்னால், "உபுண்டுவில போட்டுப் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் கொம்பியூட்டரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.