துறைமுகத்தின் மறுகரை

திருகோணமலையைப் பற்றி எழுத வருகிறவர்கள் அநேகமாகக் கோணமலையின் உச்சியிலிருந்தே தொடங்குவார்கள். அதில் தவறில்லை. கடலுக்குள் நீண்டு நிற்கும் பாறையும், அதன்மேல் கோணேசர் ஆலயமும், கீழே கோட்டையும் எவர் கண்ணையும் முதலில் இழுக்கும். நான் அந்தக் கரையில் பிறந்தவனல்ல. குடாவின் தெற்குப் பக்கத்தில், கிண்ணியாவில் பிறந்தவன். எங்களுக்குத் திருகோணமலைப் பட்டணம் என்பது தண்ணீருக்கு அப்பால் உள்ள ஊர். கச்சேரிக்குப் போவதென்றாலும் வழக்குக்குப் போவதென்றாலும் பெரியாஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் தண்ணீரைக் கடந்தாக வேண்டும். அதனால் எங்கள் பேச்சில் 'பாதை' என்றால் வீதியல்ல. மிதவைகளின்மேல் பலகை பாவி, பஸ்ஸையும் மாட்டையும் மனிதரையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை போய்வரும் மிதக்கும் தட்டுக்குத்தான் கிழக்கிலே பாதை என்று பெயர். இந்தத் துறைமுகத்தின் வரலாற்றை அந்தத் தட்டில் நின்றுகொண்டு பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை.

முதலில் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். வெளியே அகன்று கிடப்பது கொட்டியாரக் குடா. அதன் வடக்கில், மலைகள் மறைத்த குறுகிய வாய்க்குள் இருப்பதுதான் உலகம் புகழும் உள்துறைமுகம். சுமார் 1,630 ஹெக்டேயர் நீர்ப்பரப்பு; கரைக்கு அண்மையிலேயே பெருங்கப்பல் நிற்கும் ஆழம். மேற்கில் தம்பலகாமக் களப்பு கிண்ணியாவருகே குடாவோடு கலக்கிறது. தெற்கில் மூதூர்ப் பக்கமாக மகாவலி கங்கை வந்து விழுகிறது. பழைய நிருவாகப் பிரிவுகளின் பெயர்களைக் கேட்டாலே விடயம் விளங்கும்: பட்டணமும் சூழலும், கட்டுக்குளம்பற்று, தம்பலகாமம்பற்று, கொட்டியாரம்பற்று. பட்டணம் ஒன்று, மற்றவையெல்லாம் வயலும் குளமும் காடும் களப்பும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தின் சனத்தொகை 379,541. அதில் நூற்றுக்கு நாற்பது பேருக்குச் சற்று மேல் முஸ்லிம்கள். அவர்களில் மிகப் பலர் வாழ்வது இந்த மறுகரையில், கிண்ணியாவிலும் மூதூரிலும் தோப்பூரிலும்.

இவர்கள் எப்போது வந்தார்கள் என்ற கேள்வி வரும்போதெல்லாம் எமது மேடைகளில் ஒரு கல்லைத் தூக்கிக் காட்டுவது வழக்கம். துறைமுகக் கரையில், பிற்காலத்தில் நிக்கல்சன் குடா என்று ஆங்கிலப் பெயர் பெற்ற இடத்தில் கிடைத்த அரபு மீஸான் கல் அது. ஹிஜ்ரி 729, துல்ஹஜ் மாதம், அதாவது கி.பி. 1329. பத்ருத்தீன் ஹுஸைன் பின் அலீ அல்-ஹலபீ என்ற தலைவரின் மகள் அங்கே அடக்கப்பட்டாள் என்கிறது எழுத்து. ஹலப் என்பது சிரியாவின் அலெப்போ நகரம். இப்னு பதூதா புத்தளத்தில் வந்திறங்கியது 1344இல். அதற்குப் பதினைந்து வருடங்களுக்கு முன்னரே, அவர் காலடி படாத இந்தக் கீழ்க்கரையில் ஹலபுக்காரர் ஒருவர் தம் மகளுக்கு ஜனாஸாத் தொழுதிருக்கிறார்.

இந்தக் கல்லை எம்மவர்கள் பழைமைக்கு ஆதாரம் என்று சொல்லி அத்தோடு விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதைவிட வேறொன்று பெரிதாகப் படுகிறது. அது ஒரு பெண்ணின் கல். அரபு வர்த்தகர் என்றால் பருவக்காற்றோடு வந்து, சரக்கை மாற்றி, மறுகாற்றோடு திரும்பிப் போகும் தனி ஆண்களாகவே நாம் கற்பனை செய்து பழகிவிட்டோம். மகளை அடக்கி, அவள் தலைமாட்டில் எழுத்து வெட்டிய கல்லை நாட்டுகிறவன் வந்துபோகிறவனாக இருக்க முடியாது. அங்கே வீடு இருந்திருக்கிறது, அடுப்பு இருந்திருக்கிறது, அரபு எழுத்தைக் கல்லில் வெட்டத் தெரிந்த கையும் கிட்டியிருக்கிறது. அவளுடைய தாய் ஹலபிலிருந்து கூட வந்தவளா, கொட்டியாரத்துப் பெண்ணா? இரண்டுக்கும் இடமுண்டு. இரண்டாவதையே நான் விரும்புகிறேன் என்பதை வாசகர் மன்னிக்க வேண்டும்.

அந்த வீட்டார் இந்தத் துறையைத் தேடி வந்தது ஏன், பின்னர் ஐரோப்பியர் நூற்றாண்டுக் கணக்கில் இதற்காக அடிபட்டது ஏன் என்பதற்கு ஒரே விடைதான்: காற்று. எதிரே கிடக்கும் சோழமண்டலக் கரையில் சென்னை, புதுச்சேரி, நாகப்பட்டினம் என்று ஊர்கள் பல இருந்தும், பெருங்கப்பல் ஒதுங்க இயற்கைத் துறைமுகம் ஒன்றில்லை. கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். ஐப்பசியில் வாடை புறப்பட்டதும் அவை அங்கிருந்து ஓட வேண்டும். ஆங்கிலேயக் கடற்படை தென்முனையைச் சுற்றிப் பம்பாய் வரை போகும். போய்த் திரும்புவதற்குள் வங்கக் கடல் எதிரியின் கையில். வாடையிலும் அசையாது கப்பல் நிற்கக்கூடிய மடு திருகோணமலைதான். அதனை வைத்திருப்பவன் சோழமண்டலத்தின் கழுத்தில் கை வைத்திருப்பவன்.

போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் ஆலயத்தை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். 1639இல் ஒல்லாந்தர் வந்தனர். 1672இல் பிரெஞ்சுக்காரர் சிறிது காலம் நுழைந்து பார்த்தனர். 1782ஆம் ஆண்டில் மாத்திரம் இரண்டு தடவை கைமாறியது: ஜனவரியில் ஆங்கிலேயர், ஆகஸ்ட் முடிவில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன். 1795இல் ஆங்கிலேயர் நிரந்தரமாகவே வந்தனர். கோட்டைக்கு இளவரசர் ஃபிரெடரிக்கின் பெயர் 1803இல் சூட்டப்பட்டது. இவையெல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளவை, இதற்குமேல் நீட்டவில்லை.

பாடப்புத்தகம் சொல்லாமல் விட்டது கொட்டியாரத்தின் கதை. பட்டணத்துக் கோட்டை யார் கையில் இருந்தாலும், பதினேழாம் நூற்றாண்டில் கண்டி இராச்சியம் கடலைத் தொட்ட வாசல்களில் ஒன்று குடாவின் இந்தத் தென்கரை. மகாவலியை ஒட்டி மலைநாட்டிலிருந்து பாக்கு இறங்கும். சோழமண்டலக் கரையிலிருந்து முஸ்லிம் வணிகரின் தோணிகள் துணியும் அரிசியும் கொண்டுவரும். 1620இல் டென்மார்க்கின் கப்பல்கள் முதலில் தேடி வந்ததும் இந்தப் பக்கத்தைத்தான். கண்டி மன்னனோடு பேச்சுச் சரிவராமல் போகவே அவர்கள் தஞ்சை நாயக்கரிடம் சென்று தரங்கம்பாடியைப் பெற்றனர். பேச்சுச் சரிவந்திருந்தால் தமிழ் அச்சுக்கலையின் வரலாற்றில் ஓர் அத்தியாயம் மூதூரில் எழுதப்பட்டிருக்கலாம்!

1659 நவம்பரில் புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் மரம் தேடி இந்தக் குடாவுக்குள் வந்தது. அடுத்த வருடம் அதன் தலைவனையும் மாலுமிகள் பலரையும் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துச் சென்றனர். தலைவனின் மகனான றொபேர்ட் நொக்ஸ் பத்தொன்பது வருடம் கண்டி நாட்டில் சிறையிருந்து, 1679இல் தப்பி, 1681இல் இலண்டனில் அச்சிட்ட நூல் இன்றுவரை இலங்கை வரலாற்றுக்கு ஓர் ஆதாரமாக இருக்கிறது. மூதூரில் அவர்கள் பிடிபட்ட இடமாகச் சொல்லப்படும் புளியமரத்தடியில் 1893இல் நினைவுக் கல் நடப்பட்டது. ஊரார் அதை வெள்ளைக்காரன் மரம் என்றனர். நொக்ஸுக்குக் கல் உண்டு. அதே கரையில் பாக்கு ஏற்றிய மரைக்காயர்மாருக்கு ஒரு பலகைகூட இல்லை. 1660களின் பிற்பகுதியில் ஒல்லாந்தர் கொட்டியாரத்தைப் பிடித்து, அந்த வணிகத்தின் குரல்வளையை நெரித்தனர். 1766 உடன்படிக்கையோடு கண்டி மன்னனுக்குக் கடலே இல்லாமற் போயிற்று. கொட்டியாரம் துறை என்ற நிலையிலிருந்து இறங்கி, வயலும் மாடும் மீனும் விறகும் உள்ள நாட்டுப்புறமானது. எங்கள் மக்களைக் காலாகாலமாகக் கமக்காரர், காடுவெட்டிகள் என்றே எழுதிவருபவர்கள் இந்த இறக்கத்தைக் கவனிப்பதில்லை.

கடல் முற்றாகக் கைவிடவுமில்லை. தம்பலகாமக் களப்பில் கண்ணாடிபோல் ஒளி புகும் தட்டைச் சிப்பி விளைந்தது. அதில் கிடைக்கும் பொடிமுத்துக்கள் அணிகலனுக்கு உதவா. அவற்றை இந்தியாவுக்கு அனுப்பிச் சுட்டு, செல்வந்தர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பாகப் பூசுவார்கள். ஏழை மூழ்கி எடுத்ததைப் பணக்காரன் மென்று துப்பினான்.

பிரித்தானியர் காலத்தில் உள்துறைமுகம் கடற்படையின் வீடாயிற்று. 1930களில் சீனக்குடாக் காட்டுக்குள் எண்ணெய்க் குதங்கள் வரிசை வரிசையாக எழுந்தன. ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. 1957இல் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. எஞ்சிய 99 குதங்களும் காட்டுக்குள் துருவேறி நின்றன.

ஒரு பேரரசின் கடற்படை முழுவதற்கும் எண்ணெய் சேர்த்து வைத்த அந்தக் கரைக்கும் எங்கள் ஊருக்கும் இடையில் இருந்தது அந்தப் பாதை மாத்திரமே. மூதூருக்குத் தரைவழியே போவதென்றால் கிண்ணியாவுக்குப் பிறகும் உப்பாறு, கங்கை, இறால்குழி என்று மறுபடி மறுபடி தண்ணீர். இல்லையேல் பட்டணத்திலிருந்து லோஞ்சி. இரவில் பாதை ஓடாது. வாடை கடுத்தால் பகலிலும் ஓடாது. என் சாச்சிக்குப் பிள்ளைநோவு கண்டது ஒரு மார்கழி இரவில். துறையடியில் வள்ளக்காரரைக் கூப்பிட்டு எழுப்பி, மழைக்குப் படங்கு பிடித்துக்கொண்டு புறப்பட்டார்கள். பிள்ளை மறுகரையைக் காணுமுன்பே பிறந்துவிட்டது. ஊர் அவனைத் 'தோணியான்' என்றே அழைத்தது. பாடசாலை இடாப்பில் உள்ள பெயர் பலருக்குத் தெரியாது. மூதூர் தந்த வ. அ. இராசரத்தினம் தம் சிறுகதைத் தொகுதிக்குத் 'தோணி' என்று பெயர் வைத்ததை யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் குறியீடு என்று பேசினால் பேசட்டும். எங்களுக்கு அது குறியீடல்ல.

யுத்தம் வந்தபோது கடப்பது இன்னும் கடினமாயிற்று. மூதூர்த் தொகுதியை நெடுங்காலம் பிரதிநிதித்துவம் செய்த ஏ. எல். அப்துல் மஜீத் 1987 நவம்பரிலும், பாராளுமன்ற உறுப்பினர் எம். ஈ. எச். மஹ்ரூப் 1997 ஜூலையிலும் கொல்லப்பட்டனர். 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்து கரையோரத்திலிருந்த கிண்ணியா வைத்தியசாலையைச் சிதைத்தது. 2006 ஜூலையில் மாவிலாறு அணைக்கட்டை விடுதலைப் புலிகள் மூடியதில் தொடங்கிய சண்டை ஆகஸ்ட் முதல் வாரத்தில் மூதூர் நகருக்குள் வந்தது. பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் அடைக்கலம் புகுந்தோர் மீதும் எறிகணைகள் விழுந்தன. குடாவைக் கடக்க வழியில்லை. ஆயிரக்கணக்கானோர் குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கந்தளாய்ப் பக்கமாக நடந்தனர். ஓகஸ்ட் 4ஆம் திகதி மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் பணியாளர்கள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். அதே வருடம் சம்பூர்த் தமிழ் மக்களும் ஊரைவிட்டு ஓடினர். அவர்கள் திரும்பி வரச் சுமார் பத்து வருடங்கள் சென்றன. எங்கள் அகதிக் கதையை எழுதுகிறபோது அவர்களுடையதை விட்டுவிடுகிற வழக்கம் எமக்குண்டு, அவர்களுக்கும் உண்டு. ஒரே குடாவின் தண்ணீரைக் குறுக்கே வைத்து இரண்டு வரலாறு எழுத முடியாது.

கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபர் 20இல் திறக்கப்பட்டது. சவூதி அரேபிய நிதியுதவி. நீளம் 396 மீற்றர். அன்று அதுவே நாட்டின் மிக நீளமான பாலம். அடுத்த சில வருடங்களில் மூதூர் வரையும் அதற்கப்பாலும் பாலங்கள் வந்தன. முதல் வாரம் முழுவதும் ஊர்ப் பெண்கள் பின்னேரங்களில் வேலையேதும் இல்லாமலே பாலத்தின்மேல் நடந்து போய் நடந்து வந்தார்கள். பாதை கரையொதுங்கிக் கிடந்தது. எங்கள் பேச்சில் அந்தச் சொல்லும் மெல்ல மெல்ல வீதி என்ற பொருளுக்கு மாறத் தொடங்கியது.

முற்றாக மாறவில்லை. கிண்ணியா நகரையும் குறிஞ்சாக்கேணியையும் ஒரு களப்பு பிரிக்கிறது. 2021இல் அங்கே பழைய பாலத்தின் இடத்தில் புதியது கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. இடைக்காலத்துக்கென்று ஒரு மிதப்புப் பாதை ஓடியது. நவம்பர் 23ஆம் திகதி காலை, பாடசாலை நேரத்தில், அது கவிழ்ந்தது. அன்றே ஆறு பேர் மௌத்தானார்கள். அவர்களில் பெரும்பாலோர் சீருடை அணிந்த பிள்ளைகள். பின்னரும் உயிர்கள் போயின.

அதற்கு ஏழு வாரம் நிறையுமுன், 2022 ஜனவரி முதல் வாரத்தில், சீனக்குடா எண்ணெய்க் குதங்கள் பற்றிய உடன்படிக்கை கொழும்பில் கைச்சாத்தானது. இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கை நிறுவனத்துக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இருவரும் சேர்ந்த கம்பனிக்கு 61. பத்திரிகைகள் பல நாட்களாகத் துறைமுகத்தின் கேந்திர முக்கியத்துவத்தை எழுதின. குறிஞ்சாக்கேணியில் அந்தக் கிழமையும் பிள்ளைகள் களப்பின் ஓரத்தில் புத்தகப் பையோடு நின்றுகொண்டிருந்தார்கள்.