வாதாபி உடன்பிறப்புகளும் பேராக் தோட்டத்து வாசகர்களும்

உடன்பிறந்தார் பகை தமிழ் மக்களுக்குப் புதிய கதையன்று. ஒரே ஆத்தி மாலையைச் சூடும் குடியிற் பிறந்த நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் உறையூர்க் கோட்டைக்குப் புறத்தும் அகத்துமாக நின்று பொருதபோது, இடைபுகுந்து அறிவுரை கூறிய கோவூர்கிழாரைப் புறநானூறு படித்தோர் அறிவர். 1310இல் தந்தை குலசேகர பாண்டியனைச் சுந்தர பாண்டியன் கொன்றான் என்றும், அரியணைக்காக அவனும் வீர பாண்டியனும் மோதிக்கொண்டார்கள் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப் எழுதி வைத்தார். மறு ஆண்டே மாலிக் காபூரின் படை மதுரையை அடைந்தது. இதற்கு எதிரான சித்திரமும் நம்மிடம் உண்டு. தமையன் செங்குட்டுவன் அரசாள வேண்டும் என்பதற்காகத் துறவு பூண்ட இளங்கோவின் கதை அது.

இவ்விரு மரபுகளையும் ஒரே பாத்திரத்தில் பிசைந்து கலந்தவர் கல்கி. அந்தப் பாத்திரத்தின் பெயர் நாகநந்தி. அவர் வரும் கதை மலாயாவின் பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களை எவ்வாறு சென்றடைந்தது, ஏன் அங்கே அத்தனை ஆவலை எழுப்பியது என்பது இலக்கிய வரலாற்றுக்கும் நாட்டு வரலாற்றுக்கும் பொதுவான ஒரு செய்தி.

‘கல்கி’ இதழ் 1941 ஆகஸ்டில் தொடங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் அதில் ‘பார்த்திபன் கனவு’ தொடர்கதையாக வரலாயிற்று. அந்நாளில் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் புறப்பட்ட ‘இராஜுலா’ போன்ற கப்பல்கள் பினாங்கில் ஆட்களை இறக்கின. அவற்றோடு தபாற் பைகளும் இறங்கின. பிறையிலிருந்து தெற்கே ஓடிய ரயில் அப்பைகளை ஈப்போவுக்குக் கொண்டு வந்தது. ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட், கோலகங்சார், பத்து காஜா, தாப்பா எனப் பிரிந்து, அங்கிருந்து செம்மண் சாலை வழியே தோட்டத்துக் கிராணியின் மேசைக்கோ பள்ளி ஆசிரியரின் கைக்கோ இதழ் போய்ச் சேர வேண்டும். இதழ் ஒன்று; வாசகர் பலர். எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, லயத்துத் திண்ணையில் அமர்ந்து மற்றவர்கள் கேட்பதே தோட்டத்து வழக்கம். இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நின்று, நண்பகலளவில் பால் எடுத்து முடித்தவர்களுக்கு மாலைப் பொழுது கதைக்கு உரியதாக இருந்தது.

‘பார்த்திபன் கனவு’ அவர்களுக்கென்றே எழுதியது போன்ற கதை. சோழ இளவரசன் விக்கிரமன் பல்லவப் பேரரசை எதிர்த்து நின்று, நாடு கடத்தப்பட்டு, கடல் கடந்து செண்பகத் தீவுக்கு அரசனாகிறான்; ஆயினும் அவன் மனம் பொன்னி நதிக் கரையைவிட்டு அகல்வதில்லை. காவிரிக் கரைச் சிற்றூர்களிலிருந்து கப்பலேறி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இதைக் கேட்டால் என்ன உணர்ந்திருப்பார்கள் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. செண்பகத் தீவு அரசனுக்குக் கிடைத்தது. இவர்களுக்குப் பால் வாளியும் மங்கும் கிடைத்தன. வேறுபாடு அவ்வளவே.

ஆனால் பேராக் வாசகர்களுக்கு அக்கதையின் முதற் சில பகுதிகளே கிடைத்திருக்க முடியும். 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். டிசம்பர் முடிவதற்குள் ஈப்போ அவர்கள் வசமாயிற்று. புத்தாண்டை ஒட்டிக் கம்பாரில் நடந்த சண்டைக்குப் பின் பேராக் முழுவதும் அவர்கள் பிடிக்குள் வந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது. இந்தியக் கப்பல்கள் நின்றன, இதழ்களும் நின்றன. விக்கிரமன் செண்பகத் தீவில் என்ன ஆனான் என்பதைச் சென்னையிலும் தஞ்சையிலும் இருந்தவர்கள் 1943க்குள் படித்து முடித்துவிட்டார்கள். மலாயாத் தோட்டங்களில் இருந்தவர்களோ அவ்வேளையில் கப்பிக் கிழங்கு நட்டுக்கொண்டிருந்தார்கள். பல்லாயிரவர் சயாம் ரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களுள் மிகப் பலர் திரும்பவே இல்லை. தொடர்கதை ஒன்று அறுந்துபோனது இவற்றுக்கெல்லாம் முன்னே சிறிய இழப்புத்தான். ஆனாலும் திண்ணையில் படிப்பவரும் போய், கேட்பவரும் போய், இதழும் போன நிலை அது.

1944இல் கல்கி ‘சிவகாமியின் சபத’த்தைத் தொடங்கினார். 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் மலாயாவுக்குத் திரும்பி, கப்பல் போக்குவரத்து மெல்லச் சீர்பட்டபோது கதை முக்காற் பங்கு முடிந்திருந்தது, 1946இல் முற்றுப்பெற்றது. ஆகவே இரண்டு கதைகளையும் முழுமையாகப் படிக்க மலாயா வாசகர் பின்னர் வந்த நூற்பதிப்புகளை நாட வேண்டியவராயினர். இங்கே ஒரு விசித்திரமும் உண்டு. ‘சிவகாமியின் சபதம்’ எழுதிய காலத்தால் பிந்தியது. கதை நிகழ்ந்த காலத்தால் முந்தியது. ‘பார்த்திபன் கனவி’ல் முதிர்ந்த பேரரசராக வரும் மாமல்ல நரசிம்மர் இதில் துடிப்புள்ள இளைஞர். அதில் உலகை வெறுத்து ஒதுங்கிய சிறுத்தொண்டர் இதில் காஞ்சிக்குக் கல்வி தேடி வரும் பரஞ்சோதி. அதில் ஒற்றைக் கையுடன் அச்சமூட்டும் கபாலிகராக உலாவி, இறுதியில் புலிகேசியின் உடன்பிறந்த நீலகேசி என்று வெளிப்படுபவரே இதில் காவியுடுத்த புத்த பிக்ஷுவாகிய நாகநந்தி. அந்தக் கை எப்படிப் போயிற்று என்ற கேள்விக்கு விடை தேடியே முன்கதையைப் படித்தவர்கள் அநேகர் எனலாம். தொடர்ச்சி என்றால் பின்னால் நடப்பது என்ற எண்ணத்தைக் கல்கி தலைகீழாக்கிவிட்டார்.

நாகநந்தியும் புலிகேசியும் உருவத்தில் ஒன்றே போன்றவர்கள். ஒருவர் தலையில் முடி. மற்றவர் உடலில் காவி. அரசைத் தம்மோடு பிறந்தவனுக்குத் தந்துவிட்டு, அவனுக்காகவே பல்லவ நாட்டில் ஒற்று வேலை பார்க்கிறார் நாகநந்தி. இளங்கோவின் துறவு இவரிடம் நஞ்சாகிவிட்டது. துறந்தது அரசை மட்டுமே, ஆசையைத் துறக்கவில்லை. சிவகாமியின் நடனத்தில் மயங்கிய அம்மனம், உடன்பிறந்தவன் மீது கொண்ட பாசத்தையும் பகையாக்கிக்கொள்கிறது. புலிகேசியின் கொடுமை வெளிப்படையானது. படிப்பவர் வெறுத்துவிட்டு அடுத்த பக்கம் போகலாம். பிக்ஷுவின் கொடுமையை அவ்வாறு தள்ளிவிட முடிவதில்லை. அஜந்தாக் குகையின் வண்ணங்களை நேசிப்பவர், கலையின் அருமை அறிந்தவர், அதே கையால் நஞ்சு தோய்ந்த கத்தியையும் எடுப்பவர். கதாநாயகரைவிட இப்பாத்திரமே நினைவில் நிற்கிறது என்று வாசகர் பலர் சொல்வது வியப்பன்று. மாமல்லரின் காதல் உரைகள் சில இடங்களில் நீண்டு சலிப்பூட்டுகின்றன. நாகநந்தி வரும் அத்தியாயம் ஒன்றிலும் சலிப்பில்லை.

தமிழாசிரியர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். தோட்டப் பள்ளிகளில் பல்லவர் வரலாறு பாடமாக இருந்ததில்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. ஆனால் அப்பள்ளிகள் பல ஓராசிரியர் கொட்டகைகளாகவே நெடுநாள் இருந்தன. எழுத்தும் கணக்கும் முடிவதற்குள் பிள்ளை வேலைக்காட்டுக்குப் போய்விடும். அங்கே மகேந்திரவர்மனையும் மாமல்லபுரத்தையும் முதன்முதல் சொல்லித் தந்தது கல்கியின் கதையே. அதனால் கதையே வரலாறாகவும் கொள்ளப்பட்டது. நாகநந்தி மெய்யாக வாழ்ந்தவர் என்று நம்புவோர் ஈப்போவிலும் உண்டு, தஞ்சாவூரிலும் உண்டு.

வரலாறு வேறு வகையாகப் பேசுகிறது. புலிகேசி அரியணைக்காகப் பொருதது உடன்பிறந்தவனோடு அன்று, சிற்றப்பன் மங்களேசனோடு. தன் மகனுக்கு நாட்டை விட்டுச்செல்ல முயன்று மங்களேசன் உயிரிழந்தான் என்பதை 634ஆம் ஆண்டு ரவிகீர்த்தி பாடிய ஐஹோளெக் கல்வெட்டு தெரிவிக்கிறது. நருமதைக் கரையில் ஹர்ஷனைத் தடுத்து நிறுத்திய அப்பேரரசனைக் கதையில் வரும் முரடனாக மட்டும் மாணவர்க்குக் காட்டுவது நேர்மையாகாது. அவன் தம்பி குப்ஜ விஷ்ணுவர்த்தனன் இளவரசுப் பட்டம் பெற்றவன். அவனை வேங்கி நாட்டை ஆளப் புலிகேசியே அனுப்பினான். அங்கே அவன் வழி தனி அரசாகி, கீழைச் சாளுக்கியர் என வளர்ந்தது. அவ்வழியினரே பிற்காலத்தில் சோழரோடு மணவுறவு கொண்டு, முதற் குலோத்துங்கனாகச் சோழ அரியணையிலும் ஏறினர். ஆக, புலிகேசியின் மெய்யான தம்பி காவியும் அணியவில்லை, கத்தியும் எறியவில்லை. கதைக்கு உதவாத அளவுக்கு நல்லவனாக இருந்துவிட்டான்.

கொடிய உடன்பிறப்புப் பகை மெய்யாகவே நிகழ்ந்தது அடுத்த தலைமுறையில். 642இல் நரசிம்மவர்மனின் படை வாதாபியைக் கைப்பற்றியது. அவனது 13ஆம் ஆட்சி ஆண்டுக் கல்வெட்டு, சிதைந்த நிலையில், அவ்வூர்ப் பாறையில் இன்றும் உள்ளது. அதன்பின் ஏறத்தாழ 13 ஆண்டுகள் சாளுக்கிய நாடு தலைமையற்றுக் கிடந்தது. புலிகேசியின் மக்களுள் ஆதித்தியவர்மன் தானே பேரரசன் என்று செப்பேடு வெளியிட்டான். இன்னொரு மகன் சந்திராதித்தியனின் மனைவி விஜயபட்டாரிகையின் பெயரால் தனியே கொடைகள் வழங்கப்பட்டன. இறுதியில் 655 அளவில் விக்கிரமாதித்தன் எல்லாரையும் அடக்கி முடி சூடினான். அவன் செப்பேடுகள், மூன்று அரசர்களால் மறைபட்டிருந்த தந்தையின் திருவை அவன் மீட்டதாகக் கூறுகின்றன. அம்மூவருள் உடன்பிறந்தாரும் அடங்குவர் என்று கருதும் ஆராய்ச்சியாளர் உண்டு.

அவன் பழியும் வாங்கினான். 674ஆம் ஆண்டுக் கத்வால் செப்பேடு, அவன் காவிரியின் தென்கரையில் உறையூரில் பாசறையிட்டிருந்தபோது வெளியிடப்பட்டது. ‘பார்த்திபன் கனவு’ தொடங்குகிற அதே உறையூர்! பெருவளநல்லூரில் பரமேசுவரவர்மன் அவனை முறியடித்ததைப் பல்லவரின் கூரம் செப்பேடு பாடுகிறது. பின்னும் இரு தலைமுறை கழிந்து, இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியுட் புகுந்தான். ஆனால் அந்நகரை எரிக்கவில்லை. கைலாசநாதர் கோயிற் செல்வத்தைக் கண்டு இறைவனுக்கே திரும்ப அளித்ததாக அக்கோயில் தூணிலேயே கன்னட மொழியில் எழுதச் செய்தான். வாதாபி எரிந்ததைக் கதையிற் படித்து மகிழ்ந்த மாணவர்க்கு இந்தத் தூணையும் காட்டுவது ஆசிரியர் கடமை.

மீண்டும் பேராக்கிற்கு வருவோம். 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசர காலம் பிறந்தது. 1960 வரை நீடித்த அக்காலத்தில் லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. இருட்டினால் வெளியே போக முடியாது. கடுமை மிகுந்திருந்த ஆண்டுகளிலேதான், 1950 முதல் 1954 வரை, ‘பொன்னியின் செல்வன்’ வெளிவந்தது. ஊரடங்கு நாளில் மாலைக் கதையின் மதிப்பு உயர்ந்ததில் ஐயமில்லை. 1950இல் ‘தமிழ் நேசன்’ கதை வகுப்பு நடத்தி உள்நாட்டு எழுத்தாளரைப் பயிற்றத் தொடங்கியதையும், கதை முடிந்த 1954இலேயே சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை திறக்கப்பட்டதையும் உடன் வைத்துப் பார்த்தால், வாசிப்புப் பசி எத்தகையது என்பது புலப்படும். அப்பள்ளிக்குக் காரணரான வீ. தி. சம்பந்தன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர்.

‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது, இன்னும் எழுத வேண்டும் என்று வாசகர் நெருக்கியதும், கல்கி முடிவுரையில் அவர்களுக்கு விடை சொல்ல நேர்ந்ததும் பலரும் அறிந்தவை. அவ்வாண்டு டிசம்பர் 5இல் அவர் மறைந்தார். விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’ அக்கதையின் தொடர்ச்சியாக எழுந்தது. அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ இராசேந்திரனைக் கூறி 1963இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. கடாரங்கொண்டவன் கதை மலாயா மண்ணில் தனிச் சுவை பெற்றது இயல்பே. ஆயினும் நாகநந்தியைப் போல் நெஞ்சை உறுத்தும் பாத்திரம் இவற்றில் இல்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது அவற்றைக் காக்கச் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். எனினும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயத்து மக்கள் ஈப்போவின் புந்தோங் முதலிய இடங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். அட்டை கிழிந்து, கைமாறிக் கைமாறித் தடித்துப்போன நூல்கள் அந்தக் குடிபெயர்ச்சிகளில் தொலைந்தன. 1990களின் இறுதியில் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானபின் மலிவுப் பதிப்புகள் பெருகின. 2022இலும் 2023இலும் ‘பொன்னியின் செல்வன்’ இரு பாகப் படமாக வந்தபோது, கதையை முன்பே அறிந்த பாட்டிமாரும் அறியாத பேரப்பிள்ளைகளும் ஒரே கொட்டகையில் அமர்ந்தனர். முதற் பாகம் முடிந்து இரண்டாம் பாகத்துக்குக் காத்திருந்த ஏழு மாதங்களை நீண்ட காலம் என்று பிள்ளைகள் குறைப்பட்டுக்கொண்டார்கள். 1941இல் விக்கிரமனைக் கடலில் விட்டுவிட்டு நான்காண்டுக்கு மேல் காத்திருந்தவர்கள் அந்தப் பாட்டிமாரின் பெற்றோர்.