கோடைகாலக் குழிப்பந்தாட்டத் திடல் பராமரிப்பு

கோடைகாலக் குழிப்பந்தாட்டத் திடல் பராமரிப்பு என்பது, கோல்ஃப் எனப் பரவலாக அறியப்படும் குழிப்பந்தாட்டத்தின் புல்தரையை வெப்பம் மிகுந்த மாதங்களில் உயிருடனும் ஆடத்தக்க நிலையிலும் வைத்திருப்பதற்கான பணிகளைக் குறிக்கும். இப்பணியில் இரு நோக்கங்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. பந்து விரைவாக உருள வேண்டுமாயின் புல் குட்டையாகவும் தரை உலர்ந்தும் இருத்தல் வேண்டும். கோடை வெப்பத்தைத் தாங்க வேண்டுமாயின் புல்லுக்குப் போதிய இலைப்பரப்பும் நீரும் தேவை. இவ்விரண்டுக்கும் இடையே சமநிலை காண்பதே கோடைகாலப் பராமரிப்பின் அடிப்படை ஆகும். இச்சிக்கல் ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்கு, நடுக்கிழக்குப் பகுதிகளில் மிகுதியாகக் காணப்படுகிறது.

திடலின் பகுதிகள்

குழியைச் சுற்றியுள்ள சீரான புல்தளம் ‘கிரீன்’ எனப்படும். இங்குள்ள புல் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டப்படுகிறது. தொடக்க இடத்துக்கும் கிரீனுக்கும் இடையே உள்ள ‘பேர்வே’ பகுதியில் புல் ஏறத்தாழ 10 முதல் 13 மில்லிமீட்டர் வரை விடப்படுகிறது. திடலின் மொத்தப் பரப்பில் கிரீன்கள் மிகச் சிறிய பகுதியே. எனினும் மிகக் குட்டையாக வெட்டப்படுவதாலும், ஆட்டக்காரர் அனைவரும் அங்கு நடப்பதாலும், கோடையில் முதலில் பாதிப்படைவது அதுவே.

ஐக்கிய அமெரிக்கக் குழிப்பந்தாட்டச் சங்கம் 1960 ஆம் ஆண்டு கிரீன் கட்டுமானத்துக்கான விதிமுறையை வெளியிட்டது. இதன்படி சரளைக்கல் அடுக்கின் மீது ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தடிப்புள்ள மணல் கலந்த வேர்ப்படுகை அமைக்கப்படுகிறது. நீர் விரைவில் வடிவதும், மிதிபட்டாலும் மண் இறுகாதிருப்பதும் இதன் பயன்கள்.

புல் வகைகள்

திடல்களில் வளர்க்கப்படும் புற்கள் இரு பெரும் பிரிவுகளாக வகுக்கப்படுகின்றன.

குளிர்காலப் புற்கள்: படரும் பென்ட் புல், ஆண்டுப் புல் எனப்படும் போவா அன்னுவா ஆகியன இப்பிரிவில் அடங்கும். இவற்றின் இலைகள் ஏறத்தாழ 15 முதல் 24 பாகை செல்சியசு வெப்பநிலையிலும், வேர்கள் 10 முதல் 18 பாகை வெப்பநிலையிலும் நன்கு வளர்கின்றன. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 1955 ஆம் ஆண்டு வெளியிட்ட பென்குராசு என்னும் பென்ட் புல் வகை கிரீன்களில் பெருமளவு பயன்பட்டது.

வெப்பகாலப் புற்கள்: பெர்முடா புல் இதில் முதன்மையானது. தமிழில் அறுகம்புல் எனப்படுவதும் இதே இனமே. 27 முதல் 35 பாகை வரையான வெப்பத்தில் இது செழித்து வளரும். சாதாரண அறுகை ஆப்பிரிக்க இனம் ஒன்றுடன் கலந்து பெறப்பட்ட டிப்கிரீன் (1956), டிப்டுவார்ப் (1965) ஆகிய கலப்பின வகைகள் ஜோர்ஜியா மாநிலத்தின் டிப்டன் நகரில் இருந்து வெளியிடப்பட்டன.

வடக்கே குளிர்காலப் புல்லும் தெற்கே வெப்பகாலப் புல்லும் இயல்பாக வளர்கின்றன. இவற்றுக்கு இடைப்பட்ட நிலப்பகுதி ‘மாறுநிலை வலயம்’ எனப்படுகிறது. இங்கு கோடை பென்ட் புல்லுக்கு மிக வெப்பமானது; குளிர்காலம் அறுகுக்கு மிகக் குளிரானது.

வெப்பத்தால் ஏற்படும் நலிவு

கோடையில் பென்ட் புல் நலிவடைவதற்கு அடிப்படைக் காரணம் ஆற்றல் பற்றாக்குறை ஆகும். வெப்பநிலை உயரும்போது புல்லின் மூச்சுவிடுதல் விரைவடைந்து, ஒளித்தொகுப்பின் திறன் குறைகிறது. புல் தான் ஆக்கும் மாவுச்சத்தைவிட மிகுதியாகச் செலவழிக்கத் தொடங்குகிறது. சேமிப்பு தீர்ந்ததும் வேர்கள் மடிந்து குட்டையாகின்றன. வசந்தத்தில் ஆழமாக இறங்கிய வேர்கள், கோடையின் இறுதியில் மேல்மண்ணில் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும்.

2000 ஆம் ஆண்டு வெளியான சூ, குவாங் ஆகியோரின் ஆய்வு, காற்றின் வெப்பத்தைவிட மண்ணின் வெப்பமே பென்ட் புல்லுக்கு மிகுந்த கேடு செய்கிறது எனக் காட்டியது. காற்று வெப்பமாக இருந்தபோதும் வேர்ப்பகுதியைக் குளிர்வித்தால் புல்லின் நிலை மேம்பட்டது. மண்ணில் நீர் தேங்கினால் வேருக்குப் போகும் உயிர்வளி குறைந்து நலிவு விரைவடையும். எனவே நீர் குறைந்தாலும் மிகுந்தாலும் புல் மடியும்.

பராமரிப்பு முறைகள்

வெட்டுதல்: வெப்பம் மிகும் நாட்களில் வெட்டும் உயரம் சற்றே உயர்த்தப்படுகிறது. அரை மில்லிமீட்டர் உயர்வுகூட இலைப்பரப்பைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டும். சில நாட்களில் வெட்டுவதற்குப் பதிலாக இலகுவான உருளை மட்டும் ஓட்டப்படுகிறது. இதனால் இலையை இழக்காமலே பந்தின் வேகத்தைக் காக்க முடிகிறது.

நீர் பாய்ச்சுதல்: தானியங்கித் தெளிப்பான்கள் கிரீன் முழுவதையும் நனைக்கும். ஆனால் ஒரே கிரீனில் மேட்டுப் பகுதி உலர்ந்தும் பள்ளம் ஈரமாகவும் இருப்பது வழக்கம். எனவே கோடையில் பணியாளர்கள் ஈரமானியால் மண்ணை அளந்து, உலர்ந்த இடங்களுக்கு மட்டும் குழாயைக் கையில் பிடித்து நீர் விடுகின்றனர். வாடத் தொடங்கும் புல் நீலச்சாம்பல் நிறமடையும். அதன்மீது பட்ட காலடித்தடம் உடனே மறையாது. மணலின் மீது மெழுகுப் படலம் படிந்து நீரை ஏற்காத இடங்களில் நனைப்பூக்கிகள் இடப்படுகின்றன.

நீர்த்தூவல்: நண்பகலில் இலைகளின் மீது மிக மெல்லிய அளவில் நீர் தூவப்படுகிறது. இது மண்ணை நனைப்பதற்கன்று. நீர் ஆவியாகும்போது இலையைக் குளிர்விப்பதற்கே. காற்றோட்டம் இல்லாத இடத்தில் இதன் பயன் குறைவு. ஆகையால் மரங்கள் சூழ்ந்த கிரீன்களின் அருகே பெரிய மின்விசிறிகள் நிறுவப்படுகின்றன.

காற்றூட்டல்: மண்ணைத் தோண்டியெடுக்கும் துளையிடல் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் செய்யப்படுகிறது. கோடையில் ஊசி போன்ற மெல்லிய முனைகளால் மட்டுமே துளையிடப்படுகிறது. இத்துளைகள் வழியே வேர்ப்படுகைக்குக் காற்று செல்லும். ஆகசுட்டா நேசனல் திடலில் உருவாக்கப்பட்ட சப்-ஏர் என்னும் அமைப்பு, கிரீனுக்கு அடியிலுள்ள வடிகுழாய்கள் வழியே ஈரத்தை உறிஞ்சவோ காற்றைச் செலுத்தவோ வல்லது.

உரமிடல்: கோடையில் மிகுதியான நைதரசன் இலை வளர்ச்சியைத் தூண்டி வேரின் சேமிப்பைத் தீர்த்துவிடும். முற்றிலும் நிறுத்தினாலோ புல் மெலிந்து நோய்க்கு ஆளாகும். ஆகவே கரைத்த உரம் மிகச் சிறு அளவுகளில் அடிக்கடி இலைமீது தெளிக்கப்படுகிறது.

நோய்கள்

கோடையில் நலிந்த புல்லைப் பல நோய்கள் தாக்குகின்றன.

பித்தியம் அழுகல்: இரவு வெப்பநிலை 20 பாகைக்கு மேல் இருந்து ஈரப்பதமும் மிகுந்தால் தோன்றும். நீரோட்டம், வெட்டும் பொறியின் சக்கரங்கள் ஆகியவற்றின் வழியே பரவும். ஓரிரவில் பெரும்பரப்பை அழிக்கக்கூடியது.

பழுப்புத் திட்டு: ரைசொக்டோனியா என்னும் பூஞ்சையால் வட்ட வடிவில் தோன்றும்.

டாலர் புள்ளி: நாணய அளவிலான வெளிறிய புள்ளிகளாகத் தோன்றும். இதன் பூஞ்சை 2018 ஆம் ஆண்டு கிளாரீடியா என்னும் புதிய பேரினத்தில் சேர்க்கப்பட்டது. நைதரசன் குறைவும், இலைமீது நீண்ட நேரம் தங்கும் பனித்துளியும் இந்நோய்க்குச் சாதகமானவை. அதிகாலையில் பனியைத் துடைத்தகற்றுவது இதனைக் குறைக்க உதவும்.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

2004, சின்னகாக் இல்சு: நியூயோர்க் மாநிலத்தில் சூன் மாதம் நடைபெற்ற ஐக்கிய அமெரிக்கத் திறந்தநிலைப் போட்டியில் கிரீன்கள் அளவுக்கு மீறி உலர்ந்தன. 7 ஆம் குழியின் கிரீனில் பந்து நிற்காமல் உருண்டோடியது. இறுதி நாளில், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அங்கு நீர் தெளிக்க நேர்ந்தது. அன்று ஒருவர்கூட நிர்ணயித்த அடிகளுக்குக் குறைவாக ஆடி முடிக்கவில்லை.

2007, ஈசுட் லேக்: அட்லாண்டா நகரிலுள்ள இத்திடலில் இலையுதிர் காலத்தின் பிற்பகுதியில் நடந்துவந்த டூர் சாம்பியன்சிப் போட்டி, அவ்வாண்டு செப்டம்பர் மாதத்துக்கு மாற்றப்பட்டது. அதற்கு முந்தைய ஆகத்து மாதத்தின் கடும் வெப்பத்தால் அங்கிருந்த பென்ட் புல் கிரீன்கள் பெரிதும் நலிந்திருந்தன. எஞ்சிய புல்லைக் காப்பதற்காகப் போட்டிக்கு முந்தைய பயிற்சி ஆட்டம் தடுக்கப்பட்டது. 2008 ஆம் ஆண்டு அங்கு மினிவெர்டே என்னும் அறுகு வகை நடப்பட்டது.

புல் மாற்றம்

பென்ட் புல்லைப் போலவே 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டினாலும் தாங்கவல்ல மிகக் குள்ளமான அறுகு வகைகள் 1990களில் இருந்து பயன்பாட்டுக்கு வந்தன. இதன் பின்னர் தென்கிழக்கு அமெரிக்கத் திடல்கள் பல பென்ட் புல்லைக் கைவிட்டன. வட கரோலினாவின் பைன்கர்சுட் இரண்டாம் எண் திடல் 2014 ஆம் ஆண்டு அறுகுக்கு மாறியது. அறுகு கோடையைத் தாங்கினாலும் நிழலில் நன்கு வளராது. குளிர்காலத்தில் பழுப்பு நிறமடைந்து உறங்கும். கடுங்குளிரின்போது விரிப்புகளால் மூடிக் காக்க வேண்டும். எனவே இம்மாற்றம் சிக்கலை நீக்குவதில்லை. கோடையில் இருந்து குளிர்காலத்துக்கு இடம் மாற்றுகிறது.

நீர்ப் பயன்பாடும் எதிர்ப்பும்

வறட்சிக் காலத்தில் விளையாட்டுத் திடலுக்கு நீர் பாய்ச்சுவது பல நாடுகளில் எதிர்ப்புக்கு உள்ளாகிறது. 2022 ஆம் ஆண்டுக் கோடையில் பிரான்சு கடும் வறட்சிக்கு ஆளானபோது, பொதுமக்கள் தோட்டங்களுக்கு நீர் பாய்ச்சத் தடை விதிக்கப்பட்டிருந்த பகுதிகளில் கிரீன்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. வழக்கமான அளவில் 30 விழுக்காட்டுக்கு மிகாமல் இரவில் நீர் பாய்ச்சலாம் என்பது விதி. இதனை எதிர்த்த சூழலியல் ஆர்வலர்கள் துலூசு நகருக்கு அருகிலுள்ள திடல்களில் குழிகளைச் சீமெந்தால் அடைத்தனர். நீரின்றிச் சில நாட்களிலேயே கிரீன் மடிந்துவிடும் என்பது திடல் தரப்பின் வாதம். குடிநீருக்கே தட்டுப்பாடு நிலவுகையில் புல்லுக்குச் சலுகை ஏன் என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. சுத்திகரித்த கழிவுநீரைப் பயன்படுத்துதல், பேர்வேக்களில் நீர் பாயும் பரப்பைக் குறைத்தல், வறட்சி தாங்கும் வகைகளைத் தேர்ந்தெடுத்தல் ஆகியன திடல்கள் மேற்கொள்ளும் மாற்று வழிகள் ஆகும்.