மாலை வகுப்பின் முன்கதை

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கிவைக்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி', கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தமையால் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு நேர்ந்த கற்றல் இழப்பை, அதாவது கற்றதை மறந்ததும் கற்கவேண்டியதைத் தவறவிட்டதுமான இருவகைக் குறையை, ஈடுசெய்ய வகுக்கப்பட்ட திட்டமாகும். ஆயினும் தெருவிலேயே கற்பிக்கும் தன்னார்வலர் என்னும் கருத்து அன்று முளைத்ததன்று. 1980இல் உருவான தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், 1990களில் எழுத்தறியாப் பெரியவர்களை இரவு வகுப்புகளுக்குத் திரட்டிய அறிவொளி இயக்கமும் பாட்டு, வீதி நாடகம், எளிய சோதனை ஆகியவற்றின் வழியே அதற்கு நிலத்தைப் பண்படுத்தியிருந்தன.

பள்ளி விட்டபின் மாலை ஐந்து மணிக்கு மேல், திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ வட்டமாக அமர்ந்த ஏறத்தாழ இருபது பிள்ளைகளுக்குக் கதை சொல்லவும், புளியங்கொட்டைகளை ஒதுக்கிக் கழித்தல் காட்டவும் முன்வந்தோரில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்களே ஆவர். படித்தும் வேலைக்குச் செல்ல வாய்க்காத பலருக்கு, மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகையைவிட (அது சொற்பம் என்பதில் ஐயமில்லை), நேற்றுவரை இன்னார் வீட்டு மருமகள் என்று மட்டுமே அறியப்பட்ட தம்மைத் தெருப்பிள்ளைகள் 'டீச்சர்' என விளித்ததே பெரும்பேறாக அமைந்தது எனலாம்.