கட்டாயத் தனிவிவரம் (மலேசியா)

கட்டாயத் தனிவிவரம் என்பது ஒரு சேவையைப் பெற ஒருவர் தந்தே ஆக வேண்டிய தன்னைப் பற்றிய தகவல். அவரவர் விருப்பத்துக்கு விடப்படுவது விருப்ப விவரம். லிங்க்ட்இன் (2003) போன்ற தொழில்முறை வலைத்தளங்களில் பெயர், மின்னஞ்சல் முதலியவை முதல் வகை; ஒளிப்படம், தன்குறிப்பு முதலியவை இரண்டாம் வகை.

சட்டம்: தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 (சட்டம் 709) 2013 நவம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. வணிகப் பரிமாற்றங்களுக்கே இது பொருந்தும். மத்திய, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது. கேட்கப்படும் விவரம் கட்டாயமா விருப்பமா, தராவிட்டால் விளைவு என்ன என்பவற்றை மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுத்துமூலம் அறிவிக்கும்படி இதன் 7-ஆம் பிரிவு விதிக்கிறது. உடல்நலம், அரசியல் கருத்து, சமய நம்பிக்கை முதலியவை இச்சட்டப்படி நுண்ணுணர்வுத் தரவுகள். 2024-ஆம் ஆண்டுத் திருத்தம் உயிரளவைத் தரவையும் இவற்றுடன் சேர்த்தது.

வரலாறு: பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் 1948 ஜூன் 16-இல் மூன்று ஐரோப்பியர் கொல்லப்பட்டதை அடுத்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அவசரகால நடவடிக்கையாக அவ்வாண்டே 12 வயதும் அதற்கு மேலும் உள்ளோரைக் கட்டாயமாகப் பதிவு செய்வது தொடங்கியது. ஒளிப்படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டையை ரப்பர் தோட்டத் தொழிலாளரும் பெற்றனர். 2001-இல் சில்லு பதித்த மைகாட் அடையாள அட்டை அறிமுகமானது.

முக்கியத்துவம்: 12 இலக்க அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடக் குறியீடு (பேராக்குக்கு 08), கடைசி இலக்கம் ஒற்றையானால் ஆண், இரட்டையானால் பெண். ஆகவே இவ்வெண்ணைக் கட்டாயமாகக் கேட்கும் படிவம், வயது, பிறப்பிடம், பாலினம் மூன்றையும் சேர்த்தே பெறுகிறது.