விரைவு மகிழுந்துகளின் மறுவிற்பனை மதிப்பிழப்பு

விரைவு மகிழுந்துகளின் மறுவிற்பனை மதிப்பிழப்பு என்பது, வேகத்தையும் ஓட்டும் இன்பத்தையும் முதன்மையாகக் கருதி வடிவமைக்கப்பட்ட மகிழுந்தின் விலை, அது முதன்முறை விற்கப்பட்ட நாளிலிருந்து குறைந்து வருவதைக் குறிக்கும். எல்லா வாகனங்களுக்கும் மதிப்பிழப்பு உண்டு. ஆனால் விரைவு மகிழுந்துகளின் விலை வயதைப் பொறுத்து மட்டும் குறைவதில்லை. அதே பெயரில் அடுத்த தலைமுறை வண்டி வெளிவரும்போது ஒரு படி இறங்குகிறது. சில வேளைகளில் இறங்காமல் நின்று, பின் ஏறவும் செய்கிறது. சென்னையின் மேற்குப் புறநகரை ஒட்டிய திருவள்ளூரில் தயாரிக்கப்பட்ட மிட்சுபிசி லான்சர் இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டாகும்.

ஏட்டுக் கணக்கும் சந்தை விலையும்

இந்திய வருமான வரிக் கணக்கில், வாடகைக்கு விடப்படாத மகிழுந்துகளுக்கு ஆண்டுதோறும் பொதுவாக 15% தேய்மானம் குறைந்துசெல் மதிப்பு முறையில் கழிக்கப்படுகிறது. இதன்படி 10 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள வண்டி ஓராண்டில் 8.5 இலட்சமாகவும், ஐந்தாண்டு முடிவில் ஏறத்தாழ 4.44 இலட்சமாகவும் குறையும். வாகனக் காப்பீட்டில் வேறு அட்டவணை பின்பற்றப்படுகிறது. தயாரிப்பாளர் அறிவித்த விற்பனை விலையிலிருந்து முதல் ஆறு மாதங்களுக்கு 5%, ஓராண்டு வரை 15%, இரண்டாண்டு வரை 20%, மூன்றாண்டு வரை 30%, நான்காண்டு வரை 40%, ஐந்தாண்டு வரை 50% கழிக்கப்படும்.

இவ்விரு கணக்குகளும் வண்டியின் வயதை மட்டுமே அறியும். அடுத்த தலைமுறை வந்துவிட்டதா என்று கேட்பதில்லை. சந்தை அதைத்தான் முதலில் கேட்கிறது. இருங்காட்டுக்கோட்டை ஆலையில் ஹூண்டாய் நிறுவனம் தயாரித்துவரும் வெர்னா 2006-இல் இந்தியாவுக்கு வந்தது. 2011, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் அதன் அடுத்தடுத்த தலைமுறைகள் வந்தன. 2010 இறுதியில் முதல் தலைமுறை வெர்னா வாங்கியவரின் வண்டி, ஆறு மாதத்திற்குள் முந்தைய தலைமுறை வண்டியாகிவிட்டது. ஏட்டில் கழிவு 5% தான். வாங்க வருபவரோ புதிய உருவத்தைப் பார்த்துவிட்டு வந்து பேரம் பேசுவார்.

சாதாரணக் குடும்ப வண்டியை வாங்குபவர் எரிபொருள் சிக்கனத்தையும் பழுதுச் செலவையும் பார்ப்பதால், அவருக்குத் தலைமுறை மாற்றம் அவ்வளவு பெரிதன்று. விரைவு மகிழுந்தை வாங்குபவர் விலை கொடுப்பது குதிரைத்திறனுக்கும் புதுமைக்கும். அடுத்த தலைமுறை இரண்டையும் கூட்டித் தந்தால், பழையதை வாங்க அவருக்குக் காரணம் குறைந்துவிடுகிறது. மற்றொரு காரணமும் உண்டு. இதைப் பலர் வாங்கிய பின்னரே உணர்கின்றனர். வண்டியின் விலை குறைந்தாலும் அதன் பாகங்களின் விலை அதே அளவில் குறைவதில்லை. புதிதாய் இருந்தபோதைய விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு வாங்கிய வண்டிக்கும் பிரேக் வட்டும் அகன்ற டயரும் முழு விலையில்தான் கிடைக்கும்.

திருவள்ளூர் லான்சர்

இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் சப்பானின் மிட்சுபிசியுடன் இணைந்து, ஆவடிக்கு மேற்கே திருவள்ளூரில் 1998 முதல் லான்சரைத் தயாரித்தது. சப்பானில் 1995-இல் அறிமுகமான உடலமைப்பு இது. இதே தலைமுறை உடலமைப்பை அடிப்படையாகக் கொண்டுதான் மிட்சுபிசி தன் ராலி வண்டியின் நான்காம், ஐந்தாம், ஆறாம் பதிப்புகளான லான்சர் எவல்யூசன்களை 1996 முதல் வெளியிட்டது. பின்லாந்தைச் சேர்ந்த டோமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ராலி வாகையர் பட்டம் வென்றது லான்சர் எவல்யூசன்களில்தான். திருவள்ளூர் லான்சரின் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 90-க்கும் குறைவான குதிரைத்திறனே தந்தது. எவல்யூசனோ டர்போவுடன் 280 குதிரைத்திறன் தந்தது, நான்கு சக்கரங்களாலும் உந்தப்பட்டது. எனினும் தோற்றத்தின் ஒற்றுமையால், இந்திய இளைஞர்களிடையே லான்சருக்கு விரைவு மகிழுந்து என்ற பெயர் நிலைத்தது.

அடுத்த தலைமுறை சப்பானில் 2000-ஆம் ஆண்டில் லான்சர் செடியா என்ற பெயரில் வந்தது. அது திருவள்ளூரை அடைய 2006 ஆகிவிட்டது. 2 லிட்டர் எஞ்சினும் ஏறத்தாழ 115 குதிரைத்திறனும் கொண்ட செடியாவை இந்திய ராலி அணிகள் பெரிதும் பயன்படுத்தின. பழைய லான்சரும் நிறுத்தப்படாமல் உடன் விற்கப்பட்டது. ஆனால் 2007-இலேயே உலகச் சந்தையில் அதற்கடுத்த லான்சர் வந்துவிட்டது. அது இந்தியாவில் தயாரிக்கப்படவில்லை. அதன் எவல்யூசன் பதிப்பு மட்டும் 2010-இல் முழு வண்டியாக இறக்குமதி செய்து விற்கப்பட்டது. ஆகவே செடியா வாங்கியவர், காட்சியகத்திலிருந்து எடுத்த நாளிலேயே ஏறத்தாழ ஒரு தலைமுறை பழைய வண்டியைத்தான் எடுத்தார் எனலாம். தாமதமாக இந்தியா வரும் வண்டிகளுக்கெல்லாம் உள்ள குறை இது.

2010-களின் தொடக்கத்தில் செடியாவின் உற்பத்தி நின்றது. திருவள்ளூர் ஆலையில் 2021 முதல் பிரான்சின் சிட்ரோயன் நிறுவன வண்டிகள் தயாராகின்றன. தயாரிப்பு நின்ற வண்டிக்கு விளக்கு, பம்பர், கண்ணாடி போன்ற பாகங்கள் கிடைப்பது அரிதாகும். எஞ்சின் நன்றாக இருந்தும் முகப்பு விளக்கு கிடைக்காமல் வண்டி ஓரங்கட்டப்படுவது உண்டு. பாடியிலும் அம்பத்தூரிலும் பிரேக், சக்கரம், மின்கருவி ஆகியவற்றைச் செய்யும் பெரிய ஆலைகள் உள்ளன. ஆயினும் அவை ஓடுகின்ற வண்டி வகைகளுக்கே பெருமளவில் செய்கின்றன. ராலி, பந்தயம் ஆகியவற்றில் ஓடிய வண்டியோ, எஞ்சின் மாற்றியமைக்கப்பட்ட வண்டியோ மேலும் விலை குறையும்; மாற்றத்திற்குச் செலவிட்ட பணம் மறுவிற்பனையில் பெரும்பாலும் திரும்புவதில்லை.

மதிப்பு ஏறும் வண்டிகள்

லான்சர் எவல்யூசனின் கதை நேர்மாறானது. 2016-இல் அதன் உற்பத்தி முடிந்த பின் மிட்சுபிசி அதற்கு வாரிசு எதையும் கொண்டுவரவில்லை. வாரிசு இல்லாததால் பழைய எவல்யூசன்களை விலையிறக்கப் புதியது ஒன்றும் இல்லாமற்போயிற்று. 25 ஆண்டு நிறைவடைந்த வண்டிகளைப் பாதுகாப்புத் தர விதிகளின்றி இறக்குமதி செய்ய ஐக்கிய அமெரிக்கா இடமளிப்பதால், சப்பானிய விரைவு மகிழுந்துகளுக்கு அங்கும் தேவை பெருகியது. ஒரே தலைமுறை உடலமைப்பு; திருவள்ளூரில் செய்தது மலிந்தது, சப்பானில் செய்த எவல்யூசன் சேகரிப்பாளர் பொருளாயிற்று.

வாரிசு வந்தும் பழையது ஏறுவதுண்டு. செருமனியின் போர்சே 911 வண்டி 1963-இல் அறிமுகமானது முதல் காற்றால் குளிரூட்டப்படும் எஞ்சினைக் கொண்டிருந்தது. 1997-இல் வந்த 996 என்னும் தலைமுறையில் அது நீரால் குளிரூட்டப்படுவதாக மாறியது. 996 முந்தையதைவிட விரைவானது. ஆனால் கடைசிக் காற்றுக் குளிர்ப்பு வண்டி என்ற காரணத்தால் முந்தைய 993 தலைமுறையின் விலை ஏறியது. முகப்பு விளக்கின் வடிவம் பிடிக்காமையாலும், எஞ்சினின் இடைத்தண்டுத் தாங்கி பற்றிய அச்சத்தாலும் 996 பல ஆண்டுகள் மிக மலிவான 911 ஆக இருந்தது. டொயோட்டாவின் சுப்ரா 2002-இல் நின்று 2019-இல் திரும்பியபோது பி.எம்.டபிள்யூ எஞ்சினுடனும் தானியங்கிப் பல்லிணையுடனும் மட்டுமே வந்தது. கைப்பல்லிணை 2022-இல்தான் சேர்ந்தது. பழைய சுப்ராவின் மதிப்பு இதனால் குறையவில்லை. புதிய தலைமுறை எதைக் கூட்டியது என்பதைவிட எதைக் கைவிட்டது என்பதே இங்கு விலையை முடிவு செய்கிறது.

காப்பீட்டில் எழும் சிக்கல்

ஐந்தாண்டைக் கடந்த வண்டிகளுக்கும், தயாரிப்பு நிறுத்தப்பட்ட வகைகளுக்கும் மேற்கூறிய அட்டவணை பொருந்தாது. காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகையே அறிவிக்கப்பட்ட மதிப்பாகும். தவணையைக் குறைக்க எண்ணிப் பலர் இதனைக் குறைத்து எழுதுகின்றனர். பழுதுபார்க்கும் செலவு இம்மதிப்பில் 75%-ஐ மிஞ்சினால் வண்டி முழு இழப்பாகக் கருதப்படும். 1.5 இலட்சம் ரூபாய் மதிப்பெழுதிய லான்சருக்கு இந்த வரம்பு 1,12,500 ரூபாய் ஆகும். முகப்பு விளக்குகள், முன்மூடி, ரேடியேட்டர் ஆகியவை சேதமடையும் ஒரு சிறு மோதலே, அரிதான பாகங்களின் விலையால் இவ்வரம்பை எட்டிவிடக்கூடும். ஓடக்கூடிய வண்டி, ஏட்டில் இறந்த வண்டியாகிவிடும். விலை ஏறும் வண்டியை வைத்திருப்பவருக்கும் இதே சிக்கல் உண்டு: சந்தை மதிப்பு இரட்டித்திருந்தாலும், ஒப்பந்தத்தில் எழுதிய தொகைக்கு மேல் அவருக்குக் கிடைக்காது. எனவே புதுப்பிக்கும் ஒவ்வோர் ஆண்டும் அன்றைய சந்தை விலையைச் சான்றுடன் காட்டி மதிப்பை எழுதிக்கொள்வது வழக்கமாக வேண்டும்.

பதினைந்தாண்டு கழிந்து பதிவைப் புதுப்பிப்பதற்கான கட்டணமும் மகிழுந்துகளுக்கு 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 1998-இல் திருவள்ளூரிலிருந்து வெளிவந்த முதல் லான்சர்கள் அப்போதே அந்த வயதைக் கடந்திருந்தன.